செஸ் வாத்தியார் வாழ்க்கைய எழுதப் போறீங்களா, மொதல்ல ஸ்கோர் ஷீட்ட தேடுங்க

காலேஜ் நாள்ல யூனிவர்சிட்டி டீமுக்கு செஸ் ஆடிட்டு, பெறகு கணக்கு வாத்தியாரா அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர்னு டிரான்ஸ்ஃபர்லயே சர்வீஸ முடிச்சவங்க நம்ம நெல்லைப் பக்கம் அங்கங்க இருக்காங்க. அப்படி ஒரு சாரப் பத்தி பழைய மாணவங்க சேர்ந்து சின்னதா புக்கு போடணும்னா, எளிமையானவர் பண்பாளர்னு ஆரம்பிக்காதீங்க, அத எந்த வாத்தியாருக்கும் எழுதிரலாம். அவரு ஆடின ஆட்டம் அவரு ஒருத்தருக்குத்தான் சொந்தம், அதுல இருந்து தொடங்குங்க.

ஸ்கோர் ஷீட்டுன்னா ஆடும்போதே ஒவ்வொரு மூவையும் எழுதி வைக்கிற தாளு, அது எங்க இருக்கும்னு சாருக்கே தெரியாது, வீட்டம்மாட்ட கேளுங்க. பரண்ல இருக்க டிரங்கு பெட்டி, பழைய கிளார்க்ஸ் டேபிள்ங்கிற லாக் புக்கு, சர்டிபிகேட் ஃபைல் எல்லாத்தையும் ஒவ்வொரு தாளா பாக்கணும். எங்க சாரோடது ஒண்ணு கெடச்சுது, மூலையில குண்டூசி துருப்பிடிச்ச கறை, ஆட்டம் பூரா நீல மை, தோத்த ஆட்டம். ஆனா 22வது மூவ் பக்கத்துல மட்டும் சிவப்பு மையில வேற ஒரு மூவ் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாரு. பரீட்சை பேப்பர் திருத்துற பேனா அது! வாத்தியார் ஆன பெறகு என்னைக்கோ ஒரு நாள் உக்காந்து தன்னோட ஆட்டத்தயே திருத்தியிருக்காரு. இத விட அவரப் பத்தி நான் என்னத்த சொல்லிர முடியும்?

1981க்கு முன்னால ஆடின ஷீட்டா இருந்தா பெரும்பாலும் பழைய முறையில எழுதியிருப்பாங்க, பயந்துராதீங்க. பி-ன்னா சிப்பாய், ராஜா நிக்குற நெட்டு வரிசை கே, ராணியோட நெட்டு வரிசை க்யூ, அவங்கவங்க பக்கத்துல இருந்து கட்டத்த எண்ணணும், அதனால வெள்ளை பி-கே4 ஆடினா இப்பத்த முறையில இ4, அதே பி-கே4 கறுப்பு ஆடினா இ5. நிஜ போர்டுல காய வச்சு ஒவ்வொண்ணா நகர்த்திப் பாருங்க, அப்புறம் லிச்செஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல ஏத்திருங்க, காசு கெடையாது.

யூனிவர்சிட்டி பேர எழுதும்போது கவனம் வேணும். பாளையங்கோட்டையில சேவியர்ஸ் காலேஜ்ல படிச்சாலும் ஜான்ஸ் காலேஜ்ல படிச்சாலும் 1966க்கு முன்னாலன்னா மெட்ராஸ் யூனிவர்சிட்டி, அதுக்கப்புறம் மதுரை யூனிவர்சிட்டி, அதுக்கு காமராஜர் பேரு 1978ல வந்துச்சு, மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டி வந்தது 1990லதான். 1970ல ஆடினவர மனோன்மணியம் பிளேயர்னு போட்டா அவரு காலத்து ஆளுங்க சிரிப்பாங்க, சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதையே எழுதுங்க.

பேட்டி எடுக்கும்போது போர்டு நடுவுல இருக்கட்டும், ஃபோன்ல ரெக்கார்டு ஓடட்டும். "ஒங்க அனுபவம் சொல்லுங்க சார்"னு கேட்டா ரெண்டு வரியில முடிச்சிருவாரு. "இந்த எடத்துல குதிரைய ஏன் சார் எடுத்தீக?"ன்னு கேளுங்க, பேச்சு நிக்காது. அப்பல்லாம் பெரிய போட்டியில நேரம் முடிஞ்சா ஆட்டத்த நிறுத்தி அடுத்த மூவ கவர்ல ஒட்டி வச்சிட்டுப் போயி, பெறகு அதுல இருந்து தொடருவாங்க, அப்படி ஏதும் ஆடியிருக்காரான்னு கேளுங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சான்னும் கேளுங்க.

ஏன் சார் செஸ்ஸயே தொழிலா எடுக்கலன்னு மட்டும் கேக்காதீங்க. மானுவல் ஆரோன் 1961ல இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனாரு, கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழ உள்ள பட்டம் அது, அவருதான் நம்ம நாட்டுக்கே மொத ஆளு. மொத கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் வந்தது 1988ல. அதுக்கு நடுவுல ஒரு விவசாயி வீட்டுப் பையன் கவர்மெண்ட் ஸ்கூல் வேலைய விட்டுட்டு எத நம்பி ஆடப்போவான்? அந்த நிலமைய புக்குல நீங்களே எழுதிருங்க, அவரு வாயால சொல்ல வைக்க வேண்டாம்.

ஸ்கூல் பகுதிக்கு மாணவங்கள ஊர் வாரியா புடிங்க, சொல்ற சம்பவம் ரெண்டு பேரு வாயில வந்தா மட்டும் சேருங்க. மெடல் கணக்கு ஒரு பக்கம் போதும். ஆட்டம் ஆறேழு, ஜெயிச்சதும் தோத்ததும் கலந்து, படத்தோட போடுங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னால மூவ் ஒவ்வொண்ணையும் சாரே பென்சில வச்சுக்கிட்டு ஒரு தடவ பாத்துரட்டும். ரெண்டு காப்பி பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு, அவரு வேல பாத்த ஸ்கூலுக்கெல்லாம் ஒவ்வொண்ணு, அதோட ஒரு போர்டு காயும் சேத்துக் குடுங்க.