தகிடவில் நடு எழுத்தை விழுங்குங்கள்: ப்ளூஸ் கிட்டார் ப்ளூஸாக ஒலிக்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிட்டாரில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை) பழக வருகிறவர்களில் இரண்டு வகையினரை அடிக்கடி பார்க்கலாம். யூடியூபில் டேப் (எந்தக் கம்பியில் எந்தக் கட்டம் என்று எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்து விரலை ஓட்டப் பழகிய பிள்ளைகள் ஒருபுறம். மெல்லிசைக் குழுவில் வருடக்கணக்காகச் சினிமாப் பாட்டு வாசித்த பெரியவர்கள் மறுபுறம். பிள்ளைகளிடம் ஸ்வரம் கொட்டும், மூச்சு விட இடம் இருக்காது. பெரியவர்களிடம் ஸ்வரம் கண்ணாடி போல் சுத்தமாக இருக்கும், இங்கே இடைஞ்சலே அந்தச் சுத்தம்தான். அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்டுகளில் பட்டி கை (Buddy Guy) 1936இல் பிறந்தவர், கிங்ஃபிஷ் இங்க்ரம் 1999இல். அறுபது வருடத்துக்கு மேல் இடைவெளி, ஆனால் இருவர் வாசிப்பும் அசல். எனவே வயதை விட்டுவிட்டுக் கையைக் கவனிப்போம்.

முதலில் தாளம். ப்ளூஸின் ஷஃபிள் நடை நமக்கு அந்நியமில்லை, திஸ்ரம்தான். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 அடியில் வைத்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'தகிட' சொல்லுங்கள். பிறகு 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கி 'த..ட, த..ட' என்று சொல்லுங்கள். வாய்க்கு வந்த பிறகுதான் கிட்டாரை எடுக்க வேண்டும். ஐந்தாம் ஸ்ட்ரிங்கைத் (மிக மெல்லிய கம்பி முதலாவது) திறந்தபடி விட்டு, நான்காம் ஸ்ட்ரிங்கில் 2ஆம் ஃப்ரெட்டை (கழுத்தில் இரண்டாம் கட்டம்) அழுத்தி இரண்டையும் சேர்த்து 'த..ட' என இரு முறை அடியுங்கள். அடுத்து 4ஆம் ஃப்ரெட்டில் இரு முறை. எல்லாமே கீழ்நோக்கிய அடி. உள்ளங்கை ஓரம் பிரிட்ஜின் மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். இது ஏ. இதே உருவத்தை ஒரு ஸ்ட்ரிங் தரைப் பக்கம் இறக்கினால் டி, முகத்தின் பக்கம் ஏற்றினால் ஈ.

சினிமா நடையில் பழகிய கை இங்கே 'தகதிமி'யின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் அடிக்கும். குதிரை ஓட்டம் போல் வெட்டி வெட்டி வரும். அப்படி வந்தால் வேகத்தை 50க்கு இறக்கி, விழுங்கிய 'கி'யை மீண்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

பன்னிரண்டு பார் கணக்கு (ஒரு பார் நான்கு அடி; ஏ7, டி7, ஈ7 கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்): ஏ7 நான்கு, டி7 இரண்டு, ஏ7 இரண்டு, ஈ7 ஒன்று, டி7 ஒன்று, ஏ7 ஒன்று, கடைசியில் ஈ7 ஒன்று. ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் ஒரே கார்டில் காலைத் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் ஓட்டுவார், உண்மைதான். கணக்குத் தெரிந்த பிறகு மீறலாம்.

இனி சுருதி. ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர) ஸ்கேலின் ஸ்வரங்கள் சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களேதான். ஆனால் ஏ7 கார்டின் மேல் காந்தாரம் சாதாரண காந்தாரத்திலும் நிற்காது, அந்தர காந்தாரத்திலும் நிற்காது, நடுவே தொங்கும். மூன்றாம் ஸ்ட்ரிங் 5ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்துத் தரையை நோக்கி ஒரு நூல் இழுங்கள். போன் ட்யூனரில் முள் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே தடுமாறினால் இழுத்த அளவு சரி. டி7 வந்ததும் அதே ஸ்வரத்தை இழுக்காமல் விட வேண்டும், அங்கே அது கார்டுக்குள்ளேயே இருக்கிற நிஷாதம். எல்லாக் கார்டின் மேலும் ஒரே மாதிரி இழுப்பது பிள்ளைகளின் தவறு, எங்குமே இழுக்காமல் விடுவது பெரியவர்களின் தவறு.

முழு பெண்டுக்கு (கம்பியைத் தள்ளி இரண்டு ஃப்ரெட் அளவு சுருதி ஏற்றுவதற்கு) மூன்றாம் ஸ்ட்ரிங் 7ஆம் ஃப்ரெட். மோதிர விரலால் அழுத்தி, அதன் பின்னால் நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்கு வைத்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ளுங்கள். போய்ச் சேர வேண்டிய இடம் இரண்டாம் ஸ்ட்ரிங் 5ஆம் ஃப்ரெட்டின் ஒலி. முதலில் அதை மீட்டிக் காதில் வைத்துக்கொண்டு பிறகு தள்ளுங்கள். எலக்ட்ரிக்கில் 10 கேஜ் (கம்பித் தடிமன்) செட் போதும். சாதாரண அகூஸ்டிக் செட்டில் மூன்றாம் ஸ்ட்ரிங் சுற்றுக் கம்பி, அதில் முழு பெண்ட் எட்டாது. விரல் புண்ணாவதுதான் மிச்சம். அகூஸ்டிக்கில் கால்வாசி பெண்டோடு நிறுத்துங்கள், அல்லது ஸ்லைடுக்குப் (விரலில் மாட்டிக் கம்பி மேல் நகர்த்தும் குழாய்) போங்கள். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கட்டத்தின் நடுவில் அல்ல.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். ஓசூர் குளிரில் சுருதி சேர்த்த கிட்டார் தர்மபுரி மதியத்தில் இறங்கியிருக்கும். கம்பி சூட்டில் நீளும். இறங்கிப் போன சுருதியைப் பலர் பெண்ட் பிழை என்று நினைத்துக் கையைத் திட்டுகிறார்கள்.

கடைசியாக, இடைவெளி. கூத்தில் கட்டியக்காரன் ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்வதில்லை. ப்ளூஸும் அப்படித்தான். நான்கு பாரில் முதல் இரண்டு குரலுக்கு, அடுத்த இரண்டு கிட்டாருக்கு. முதல் வரி இரண்டு முறை வரும், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். பழக ஒரு பாட்டு:

தொப்பூர் மேட்டுல லாரி நின்னு போச்சு
தொப்பூர் மேட்டுல லாரி நின்னு போச்சு
எறங்கித் தள்ள ஆளில்ல, பொழுதும் சாஞ்சு போச்சு

பாடும்போது கிட்டாரில் தாளம் மட்டும். வரி முடிந்ததும் மூன்று அல்லது நான்கு ஸ்வரத்தில் பதில் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அச்சாக வைத்து மணிக்கட்டால் அதிரவிட்டே ஒரு வாக்கியத்தை முடித்துவிடுவார். அந்த அதிர்வு அகலமாகவும் சீராகவும் இருக்கும். விரல் நுனியை மட்டும் நடுக்கினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும்.

ஆம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரப்பாகவும் வருமளவு கெயின் (ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் திருகு) போதும். மெல்லிசைக் குழுப் பழக்கத்தில் கோரஸும் டிலேயும் (ஒலியைத் தடிப்பாக்கும், எதிரொலிக்கவைக்கும் எஃபெக்டுகள்) போட்டு வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள், நீங்கள் விட்ட இடைவெளியை அவை நிரப்பிவிடும்.

வாரம் ஒரு முறை பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) இல்லாமல் பன்னிரண்டு பார் லீட் (தனி ஸ்வர வாசிப்பு) மட்டும் போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். கார்டு மாறுகிற இடம் லீடிலேயே தெரிய வேண்டும். ஒன்பதாம் பாரில் ஈ7 வந்தது தெரியவில்லை என்றால், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் ஈ7 கார்டுக்குள் இருக்கிற முதல் ஸ்ட்ரிங் 4ஆம் ஃப்ரெட்டைத் தொட்டுப் பாருங்கள்.