ஸ்கார்லெட் லெட்டர் நாவல்ல ஹெஸ்டர் தண்டனை மேடைல நிக்கற சீன்களை எப்படி படிக்கறது

அமெரிக்க எழுத்தாளர் ஹாத்தோர்னோட இந்த 1850 நாவல ஆரம்பிச்சு பாதில விட்டவங்க நிறைய பேர், காரணம் முன்னாடி இருக்கற அந்த நீளமான கஸ்டம் ஹவுஸ் (சுங்க அலுவலகம்) முன்னுரைதான், அத இப்போதைக்கு தள்ளி வெச்சுட்டு நேரா முதல் அத்தியாயத்துக்கு போயிடுங்க. (கதை முழுசா சொல்லப்போறேன், தெரிய வேணாம்னா இங்கயே நிறுத்திக்கோங்க.)

2, 3-ஆம் அத்தியாயத்த மட்டும் ரொம்ப மெதுவா படிங்க. 1640-கள்ல பாஸ்டன், மதக் கட்டுப்பாடு ரொம்பக் கடுமையா இருக்கற பியூரிட்டன் கிறிஸ்தவங்க ஊரு, கள்ள உறவுல பொறந்த மூணு மாசக் குழந்தையக் கைல வெச்சுட்டு ஹெஸ்டர் மேடைல மூணு மணி நேரம் நிக்கணும்னு தீர்ப்பு. முதல் தடவ படிக்கும்போது கண்ணு அவ மேலயேதான் இருக்கும், ரெண்டாவது தடவ கூட்டத்த மட்டும் பாருங்க. நெத்தில சூடு போட்டிருக்கணும்ங்கறா ஒருத்தி, சாகணும்ங்கறா இன்னொருத்தி, ஒரு குழந்தையக் கையப் புடிச்சுட்டு நிக்கற ஒரு சின்ன வயசுப் பொண்ணு மட்டும் அவ வேதனை அவ மனசுக்குள்ள எப்பவும் இருக்குமேன்னு பரிதாபப்படுறா. அப்புறம் மேல பால்கனிய பாருங்க, கவர்னர், பாதிரியாருங்க எல்லாம் அங்க உக்காந்திருக்காங்க, அதுல ஒருத்தர் டிம்ஸ்டேல், குழந்தைக்கு அப்பா யாருன்னு சொல்லுன்னு அவள கேக்கற வேலை அவருக்குத்தான் குடுக்கறாங்க, அந்த அப்பாவே அவர்தான்! இது தெரிஞ்சப்புறம் அவர் பேசறத திரும்பப் படிச்சா ஒவ்வொரு வரியும் ரெண்டு பக்கமும் வெட்டும். அவ கடைசி வரைக்கும் பேர் சொல்லல.

அடுத்து மேடை வர்ற 12-ஆம் அத்தியாயத்தயும் 23-ஆம் அத்தியாயத்தயும் இதோட சேத்து வெச்சு பாருங்க. 12-ல ராத்திரி, யாரும் பாக்காத நேரத்துல டிம்ஸ்டேல் மேடை ஏறுறார், ஹெஸ்டரும் அவ குழந்தை பேர்லும் (Pearl) அங்க வர்றாங்க, நாளைக்கு மத்தியானம் எங்ககூட இங்க நிப்பியான்னு குழந்தை கேக்கறா, முடியாதுங்கறார். 23-லதான் பட்டப்பகல்ல ஊரு முன்னாடி ஏறுறார், அங்கயே செத்தும் போறார். ஹெஸ்டர் முதல் நாளே செஞ்சத செய்ய இந்த மனுஷனுக்கு ஏழு வருஷம் ஆகுது, என்னைப் பொறுத்தவரைக்கும் நாவலே இதுதான்.

5-ஆம் அத்தியாயத்த தாண்டிடாதீங்க. தண்டனையா மார்ல போட்டுக்கச் சொன்ன அந்த சிவப்பு ஏ எழுத்த (கள்ள உறவுக்கான ஆங்கில வார்த்தை அடல்டரியோட முதல் எழுத்து) தங்க நூல்ல அவ்ளோ அழகா தச்சவகிட்டதான் ஊரே துணி தைக்க குடுக்குது, கவர்னர் கழுத்துல போடற துணி கூட அவ கைவேலை. கல்யாணப் பொண்ணோட முக்காடு மட்டும் அவகிட்ட வராது! தண்டனை மேடையோட முடியலைங்கறத இதுக்கு மேல எப்படி சொல்றது.

எல்லாம் முடிச்சுட்டு இப்ப அந்த முன்னுரைக்கு வாங்க. ஹாத்தோர்னோட முன்னோர் ஒருத்தர் 1692-ல அமெரிக்காவோட சேலம் ஊர்ல நடந்த சூனிய வழக்குல விசாரிச்ச நீதிபதிகள்ல ஒருத்தர், அவங்க செஞ்சதுக்கான அவமானத்த தான் ஏத்துக்கறதா அதுல எழுதியிருக்கார்.