மொட்டை மாடியில் ரிஃப்ராக்டர்: கையேட்டில் இல்லாத தவறுகள்

டெலஸ்கோப் பெட்டிக்குள் வரும் கையேட்டை எழுதியவர் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது டிகிரி வட அட்சரேகையில் கையுறை மாட்டிக்கொண்டு வானம் பார்ப்பவர். அவர் ஊரில் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். சென்னையில் அது தொடுவானத்திலிருந்து 13 டிகிரிதான், கன்னியாகுமரியில் 8. அந்தக் கையேட்டை வரிக்கு வரி நம்பி நான் வீணடித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. லென்ஸ் வைத்த ரிஃப்ராக்டர் வாங்கி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ஏமாற்றம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்: 525 மடங்கு! 700 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின் குவியத் தூரத்தால், வகுத்தால் 175. அதை மூன்று மடங்கு பார்லோ லென்ஸால் பெருக்கினால் 525 வரும். கணக்கு சரி, காட்சி வராது. லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் உருப்படியான உச்சவரம்பு. 70 மி.மீ. லென்ஸ் என்றால் 140. அதற்கு மேல் போனால் வியாழன் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கிய ரசம் போலாகிவிடும். எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தொடங்குங்கள், 28 மடங்கில் நிலாவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் தெரியும். சனியின் வளையம் ஒல்லியாகத் தெரிந்தால் டெலஸ்கோப்பைத் திட்ட வேண்டாம். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பு காட்டி நின்றது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும்.

"என்ன திருகினாலும் ஃபோகஸ் ஆகவில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் 90 டிகிரி டயகனலை (ஒளியைச் செங்கோணத்தில் ஐபீஸுக்குத் திருப்பும் முழங்கை போன்ற துண்டு) பெட்டியிலேயே விட்டிருப்பார்கள். ரிஃப்ராக்டரின் குவியம் குழாய்க்கு வெளியே தள்ளி விழும். அந்தத் தூரத்தை டயகனல்தான் நிரப்புகிறது. அதை எடுத்துவிட்டு கேமரா மாட்டும்போதும் இதே சிக்கல் வரும். அப்போது நீட்டிப்புக் குழாய் வேண்டும்.

ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் குறி பார்க்க இருக்கும் குட்டி டெலஸ்கோப்பை, இருட்டில் சரிசெய்ய உட்காராதீர்கள். மாலை வெளிச்சத்தில் தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய டெலஸ்கோப்பில் நடுவில் கொண்டுவந்து, பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பினால் ஐந்து நிமிட வேலை. பகலில் இதைச் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கமே குழாய் போகக் கூடாது. சூரியனைப் பார்ப்பதானால் வடிகட்டி குழாயின் முன்வாயில், பெரிய லென்ஸை முழுதாக மூடி இருக்க வேண்டும். ஃபைண்டருக்கும் மூடி போட வேண்டும். ஐபீஸில் திருகும் கருப்புக் கண்ணாடி வந்திருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விடும், அடுத்த நொடி கண் போகும்.

அடுத்தது ஈரம். "டெலஸ்கோப்பை வெளியே வைத்துக் குளிர விடுங்கள்" என்கிறது கையேடு. நம் கடற்கரை ஊர்களில் பல நாள் கதை தலைகீழ். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனேன். ஒரு நிமிடத்தில் லென்ஸ் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் பனித்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஏசி இல்லாத அறையில் வைத்திருங்கள், அல்லது மூடியைக் கழற்றாமலேயே அரைமணி நேரம் வெளியே வெதுவெதுப்பாக விடுங்கள். மார்கழி, தை மாதங்களில் லென்ஸுக்கு முன்னால் நீளும் பனிக்காப்புக் குழலை முழுதாக இழுத்துவிடுங்கள். முடிந்து இறக்கும்போது ஈரத்தோடு மூடி போட்டால் உள்ளே பூஞ்சை குடியேறும்; மின்விசிறிக் காற்றில் உலர்ந்த பிறகு மூடி, சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வையுங்கள். பூஞ்சை வந்தால் லென்ஸ் ஜோடியை நீங்களே கழற்ற வேண்டாம். இரண்டு கண்ணாடிகளின் இடைவெளியும், ஒன்றுக்கொன்று அவை நிற்கும் கோணமும் மாறினால் பழைய கூர்மை திரும்பாது.

மாடியின் கான்கிரீட் பகல் முழுக்க வெயில் குடித்திருக்கும். இருட்டி இரண்டு மூன்று மணி நேரம் அந்தச் சூடு மேலே எழும்பிக் கிரகங்களை ஆட்டும். கோள் பார்க்க நடு இரவுக்குப் பின் நேரம் நல்லது. ஏசி வெளிப்பெட்டி இருக்கும் மூலைப் பக்கமே போகாதீர்கள்.

இனி படம் எடுப்பவர்களின் தலைவலி: துருவ அச்சு. ஈக்குவடோரியல் மவுண்ட் என்பது வானம் நகரும் வேகத்தில் குழாயை மோட்டாரால் சுழற்றும் தாங்கி. அதன் அச்சு வான துருவத்தை நோக்கி நின்றால்தான் விண்மீன்கள் புள்ளியாக விழும். வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், அச்சைத் தூக்கி இறக்கும் உயரத் திருகு எவ்வளவு கீழே இறங்கும் என்று. சில மவுண்ட்கள் 15 அல்லது 20 டிகிரியோடு நின்றுவிடும். அப்படியானால் வடக்குக் காலைக் குட்டையாக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும், கவிழும் பயத்தோடு. அச்சு இப்படிப் படுத்துக் கிடப்பதால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கவும் செய்யும். மோட்டாரை ஓடவிடும் முன், பகலில் கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எடையை முதலில் மாட்டி, பிறகு குழாயை ஏற்றுங்கள். கழற்றும்போது குழாய் முதலில். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை என் வலது கால் பெருவிரல் அறியும்.

மவுண்ட்டை இயக்கும் கைக்கருவியில் தேதி கேட்டால் பல நேரம் மாதம் முதலில் வரும். மார்ச் 5 என்று நினைத்து மே 3 கொடுத்தால், அது வியாழனைத் தேடிப் பக்கத்து வீட்டு மாமரத்தைக் காட்டும். நேர மண்டலம் கூட்டல் 5:30, பகல்நேரச் சேமிப்பு இல்லை.

துருவ நட்சத்திரம் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் நகர்வு முறை இருக்கிறது: விண்மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. பிப்ரவரி முன்னிரவில் ஓரியனின் இடுப்புப் பட்டை தெற்கே உச்சிக்கு வரும்போது அதில் மின்டாகா என்ற விண்மீனைக் குறுக்குக்கோட்டு ஐபீஸில் வையுங்கள். அது வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) ஒட்டியே இருக்கிறது. மோட்டார் ஓடட்டும். விண்மீன் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள வேறொரு விண்மீன்: தெற்கே நகர்ந்தால் அச்சைத் தூக்குங்கள், வடக்கே என்றால் இறக்குங்கள். ஐபீஸில் எது வடக்கு என்று குழம்பினால் குழாயைத் துருவத்தை நோக்கி லேசாகத் தள்ளுங்கள். புது விண்மீன்கள் நுழையும் பக்கம் வடக்கு. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். மாடித் தரையில் கால்களின் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை பத்து நிமிடம்.

மோட்டாரே இல்லாமல் நெபுலாவைப் படம் பிடிக்க முயல்வதையும் பார்க்கிறேன். 480 மி.மீ. குவியத் தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சலில் விழுவது வானத்தின் சுமார் 1.6 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). வானமோ நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. ஒரே நொடியில் ஒன்பது பிக்சல் கோடு! நிலாவுக்கு மோட்டார் தேவையில்லை, செல்போன் தாங்கியே போதும்.

எஃப்/5 (குவியத் தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு) குட்டை அக்ரோமாட், அதாவது சாதாரண இரட்டைக் கண்ணாடி ரிஃப்ராக்டர், விலை மலிவு, தூக்க எளிது. ஆனால் படத்தில் ஒவ்வொரு பிரகாசமான விண்மீனுக்கும் ஊதா ஒளிவட்டம் கட்டும். இரண்டு கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்காது, குழாய் குட்டையாக ஆக அது கூடும். படம்தான் நோக்கமென்றால் காசு சேர்த்து ED கண்ணாடி (நிறங்களைக் குறைவாகச் சிதறவிடும் கண்ணாடி) வைத்த சின்னக் குழாய் வாங்குங்கள். கூடவே ஃபீல்டு ஃபிளாட்னர், படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸ். பெரும்பாலான ஃபிளாட்னர்கள் சென்சாரிலிருந்து 55 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்றிரண்டு மி.மீ. பிசகினாலும் மூலை விண்மீன்கள் நீண்டு போகும்.

ஃபோகஸை ஒருமுறை பாட்டினோவ் மாஸ்க் (குழாயின் முன்வாயில் வைத்து ஃபோகஸ் சரிபார்க்கும் கீற்று வெட்டிய மூடி) வைத்துப் பார்த்துவிட்டு விடிய விடிய நம்பியிருக்கக் கூடாது. வெப்பம் குறையக் குறையக் குழாய் சுருங்கும், மணிக்கொரு தரம் பாருங்கள். ஃபிளாட் படங்களை (தூசி நிழலை நீக்க உதவும் சீரான வெளிச்சப் படங்கள்) தவிர்ப்பது இன்னொரு சோம்பல். பெரிய செலவில்லை: சலவை செய்த வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக முன்வாயில் கட்டி விடியற்கால வானத்தை நோக்கி இருபது படம். கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸைத் தொடாமல் எடுக்க வேண்டும். தூசி வட்டங்களை சிரில் போன்ற இலவச மென்பொருள் அதை வைத்து நீக்கிவிடும்.

இடம் தேர்வதில்தான் நான் நெடுநாள் தவறினேன். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டுமென்று மாடியின் வடக்கு ஓரத்திலேயே முக்காலி போட்டேன். தெற்கை முழுக்கத் தண்ணீர்த் தொட்டி மறைத்திருந்தது. நகர்வு முறை கைவந்த பிறகு தொட்டிக்கு அந்தப் பக்கம் மாறினேன். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து 29 டிகிரி உயரத்தில் நிற்கிறது, 25 மி.மீ. ஐபீஸில் உதறிய ரவை மாதிரி. கையேடு எழுதியவர் ஊரில் அது உதிப்பதே இல்லை.