விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்: குழந்தையின் முதல் பல் பரிசோதனையில் நாம் செய்யும் தவறுகள்

நம் வீடுகளில் குழந்தையை முதன்முதலாகப் பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் நாலு வயதிலோ ஐந்து வயதிலோதான். அதுவும் ராத்திரி முழுக்க அழுது, காலையில் கன்னம் வீங்கிய பிறகு. அந்த நிலையில் டாக்டர் வெறுமனே பார்த்து அனுப்ப முடியாது. எக்ஸ்ரே, மரத்துப்போக ஊசி, வேர் சிகிச்சை என்று எல்லாமே முதல் நாளே தொடங்கிவிடும். குழந்தையின் மனதில் அந்த அறை வலிக்கிற இடமாகவே பதிந்துவிடும்.

சரியான நேரம் எது? முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி இதைத்தான் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் பல் மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "வாயில் நாலு பல்தான் இருக்கு, அதுக்குள்ள டாக்டரா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நாலு பல் இருக்கும்போது போவதன் நோக்கமே, இருபதும் முளைத்து முடிவதற்குள் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான்.

எல்லாத் தவறுகளுக்கும் வேர், "எப்படியும் விழப்போற பல்தானே" என்ற நினைப்பு. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் கடைவாயில் இருக்கும் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தை விழுந்தால், அந்தப் பல்லோடு குழந்தை இன்னும் ஏழெட்டு வருஷம் சாப்பிட வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை சீக்கிரமே நரம்பு வரை இறங்கிவிடும். வேரில் சீழ் கோத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம். சரி, பிடுங்கிவிடலாம் என்றால், பக்கத்துப் பற்கள் அந்தக் காலி இடத்துக்குச் சாய்ந்துவிடும். பின்னால் வரவேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. பிற்பாடு கிளிப் போடும் நிலைமை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காலத்துக்கு முன்பே கடைவாய்ப் பால் பல்லை எடுக்க நேர்ந்தால், அந்த இடத்தைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்துவார்கள். தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

இதே நினைப்பால் இன்னொரு நல்ல பல்லையும் இழக்கிறோம். ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால், அதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். ஆழமான பள்ளங்கள் இருந்தால், சொத்தை வருவதற்கு முன்பே அவற்றை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம்.

அடுத்தது ராத்திரிப் புட்டி. குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போகும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றியே தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பதால், சொத்தை மேல்வரிசையில்தான் முதலில் தெரியும். பாலில் சர்க்கரையோ மால்ட் பவுடரோ கலந்திருந்தால் இன்னும் வேகம். நிப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பது பல்லுக்கும் கெடுதல், ஒரு வயதுக்குள் தேனே கொடுக்கக் கூடாது என்பது வேறு. தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. பல் முளைத்த பிறகு இரவில் பால் கொடுத்தால், ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, மேல் உதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில், பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைத் தடவி, சாப்பாட்டுப் பழக்கத்தையும் மாற்றினால் பல்லைக் காப்பாற்றிவிடலாம். கோடு பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு அந்தப் பூச்சு மட்டும் போதாது. உதட்டைத் தூக்கினால்தான் தெரியும் என்பதால் எத்தனையோ பேர் இதைத் தவறவிடுகிறார்கள்.

பேஸ்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. முழுங்கிவிடுமே என்று பயந்து பேஸ்ட்டே வைக்காதவர்கள் ஒரு பக்கம், விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குகிறவர்கள் மறுபக்கம். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு, அவ்வளவுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம், அளவு மீறினால் அதுவும் பல்லுக்குக் கெடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்பதைச் சொல்லி, எந்தப் பேஸ்ட் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழெட்டு வயது வரை நீங்களேதான் தேய்த்துவிட வேண்டும். ராத்திரித் தேய்ப்பைத் தவறவே விடாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மெடிக்கல் ஷாப் வைத்தியம். பல் வலி என்றதும் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம், ரெண்டு நாளில் வலியும் வீக்கமும் அடங்குகிறது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சொத்தை அப்படியேதான் இருக்கிறது. வலி நின்றதற்குக் காரணம் பல்லின் நரம்பு செத்துப்போனதாகவும் இருக்கலாம். சில மாதத்தில் அதே இடம் மறுபடி வீங்கும். கன்ன வீக்கத்தோடு காய்ச்சல், கண் வரை பரவும் வீக்கம், விழுங்க முடியாமை இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே போல, கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் "பல் முளைக்குது" என்று தள்ளிப்போடாதீர்கள். பல் முளைப்பதால் அவை வருவதில்லை, குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அடம் பிடிச்சா பல் டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம், அதுவரை வலியை நினைக்காத குழந்தைக்கு நாமே அதை நினைவூட்டுகிறோம். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்றால் போதும். தூங்கி எழுந்து, பசி இல்லாத காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். சின்னக் குழந்தையைப் பெரிய நாற்காலியில் தனியாகப் படுக்க வைக்க மாட்டார்கள். டாக்டரும் அம்மாவும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்வார்கள். குழந்தையின் கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றி இருக்கும், தலை டாக்டரின் மடியில். படுத்தபடியே அம்மா முகம் தெரியும். கொஞ்சம் அழும், அழட்டும். அழும்போது வாய் திறப்பதால் பார்ப்பதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இதற்குக் குழந்தைப் பல் நிபுணர்தான் வேண்டும் என்றில்லை, முதல் பரிசோதனையைப் பொதுப் பல் மருத்துவரே செய்வார். காசு பிரச்சினை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது, சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழு பல்லையும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதைப் பையிலேயே கசங்க விடாமல் அந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும்.

விழுந்து அடிபட்டுப் பால் பல் பெயர்ந்துவிட்டால் அதைத் திரும்பக் குழியில் செருகாதீர்கள், அடியில் இருக்கும் பல் கெடும். ஆனால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நிரந்தரப் பல் முழுசாகப் பெயர்ந்தால் கதை வேறு. வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், ஒரு டம்ளர் பச்சைப் பாலில் போட்டு உடனே கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அதே பல்லைத் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு.