மலை இறங்கிய வீலைக் கழுவும்போது செய்யும் தவறுகள்

குன்னூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர் இறங்கி ஏறுகிறவன் நான். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினால் முன் வீல் இரண்டும் கரியடுப்பில் கிடந்த மாதிரி இருக்கும். பின் வீல் இரண்டும் கொஞ்சம் மண்ணோடு சாதுவாக நிற்கும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கேட்டான்: "என்னண்ணா, முன்னாடி வீலுக்கு மட்டும் வேற ரோடா?"

ரோடு ஒன்றுதான், பிரேக்தான் வேறு. நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க் (வீலோடு சுற்றும் திறந்த தட்டு), பின்னால் டிரம் (மூடிய உருளை). டிரம் தன் தூசியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க் அப்படியே வெளியே துப்பிவிடும். போதாததற்கு, இறக்கத்தில் வண்டியின் பாரமெல்லாம் முன்பக்கம் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் பிரேக்தான் செய்கிறது.

எவ்வளவு வேலை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஆட்களோடு 1,200 கிலோ உள்ள காரை அங்கிருந்து இங்கே இறக்கினால் வெளிப்படும் சக்தி, வீட்டு கரண்ட் கணக்கில் சுமார் 6 யூனிட். 1,000 வாட் ஹீட்டரை ஆறு மணி நேரம் எரியவிட்ட மாதிரி. காற்றும் டயரும் என்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பேடுக்கும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) டிஸ்க்குக்கும் நடுவில் சூடாக மாறித்தான் தீர வேண்டும்.

அந்தச் சூட்டில் தேய்ந்து பறப்பதுதான் பிரேக் தூசி. பேடில் இருக்கும் பிசின், கிராஃபைட், உலோக நார் இவற்றோடு வார்ப்பிரும்பு டிஸ்க்கின் பொடியும் அதில் உண்டு. சூடான இரும்புப் பொடி பெயின்ட் மேல் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. ராத்திரி பனி இறங்குகிறது, பொடி துருப்பிடிக்கிறது, பிடி இறுகுகிறது. சமவெளியில் இதற்கு மாதக்கணக்காகும். இங்கே மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் டீ டிகாஷன் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஷாம்பூ போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் புள்ளி நகராது.

நகராத அந்தப் புள்ளியைப் பார்த்ததும்தான் மனுஷனுக்குப் புத்தி கெடுகிறது. என் புத்தி போன வழி பாத்ரூம் கழுவும் ஆசிட். நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், இடது முன் வீலில் மட்டும் ஊற்றி ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். அடேயப்பா, ஐந்து நிமிஷத்தில் ஷோரூம் வீல்! மற்ற மூன்றையும் முடிக்க நேரமில்லாமல் போனது என் அதிர்ஷ்டம். இரண்டு வாரத்தில் அந்த வீலில் மட்டும் பெயின்ட் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் பூச்சு பால் திரிந்த மாதிரி வெளுத்தது. விளிம்பில் சின்னதாக ஒரு கல் அடி பட்டிருந்த இடத்தில் பெயின்ட் செதிலாகத் தூக்கியது. வீல் நட்டுகள் துருவேறி, அடுத்த முறை பஞ்சரானபோது ஸ்பானர் மேல் ஏறி நின்றுதான் கழற்ற வேண்டியிருந்தது.

அந்த ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் துரு எது, அடியில் இருக்கும் உலோகம் எது என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. பெயின்ட் முழுசாக இருக்கும் வீலில் ஒரு தடவை தப்பிக்கலாம். மலை ரோட்டில் ஜல்லி அடி வாங்காத வீல் எங்கே இருக்கிறது? ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஆசிட் அதன் வழியே உள்ளே போய்ப் பெயின்டை அடியிலிருந்து தூக்கிவிடும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் கலர் தண்ணி மாதிரி ஒன்றைத் தெளித்து நிமிஷத்தில் பளபளக்க வைக்கிறார்கள் என்றால், அது என்ன என்று கேட்டுவிட்டுப் பிறகு சம்மதியுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினால் வேண்டாம்.

அடுத்த தவறு சுரண்டல். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார், உப்புத்தாள் மூன்றும் கறையோடு கிளியர் கோட்டையும் சேர்த்தே எடுக்கும். கம்பி நாரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. உடைந்து விழும் துணுக்கும் இரும்புதான், அதுவும் அங்கேயே தங்கித் துருப்பிடிக்கும். கறையை எடுக்கப் போய்க் கறை நட்டுவிட்டு வந்த கதை. காய்ந்த துணியால் "சும்மா ஒரு துடை" துடைப்பதும் இதே வகைதான். அந்தத் தூசி கிட்டத்தட்ட உப்புத்தாள் பொடி. ஏர் அடித்துப் பறக்கவிட்டால் பெயின்ட் தப்பிக்கும், ஆனால் அத்தனையும் உங்கள் நுரையீரலுக்குப் போகும். முதலில் தண்ணீர் அடித்து நனைத்துவிட வேண்டும்.

வீல் சுத்தமானதா இல்லையா என்பதற்கு என் சோதனை இது. ஷாம்பூ போட்டுக் கழுவிய ஈர வீலின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். (கேரி பேக் தடை செய்யப்பட்ட மாவட்டம் இது, நான் பிரெட் கவரைத்தான் எடுத்து வைக்கிறேன்.) வெறும் விரலுக்கு வழவழவென்று தெரிந்த இடம் உறைக்குள்ளிருந்து தொட்டால் ரவை கொட்டிய மாதிரி நெறுநெறுக்கும். அந்த ரவை ஒவ்வொன்றும் பெயின்டில் ஒட்டிய இரும்புத் துணுக்கு.

அதைச் சுரண்டாமல் கரைக்க அயர்ன் ரிமூவர் என்றே ஒரு திரவம் விற்கிறார்கள். பெரும்பாலானவற்றில் தயோகிளைகோலேட் என்ற உப்பு இருக்கும். இரும்போடு சேர்ந்ததும் நிறம் மாறும். தெளித்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் வீல் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழியும். முதல் தடவை பார்த்தபோது பெயின்ட்தான் கரைகிறதோ என்று பதறிப்போனேன். நாற்றம் மட்டும் அழுகிய முட்டையேதான், மூடிய ஷெட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள்.

இதிலும் தவறு செய்ய இடமுண்டு. மண் போகாத வீலில் நேரடியாகத் தெளித்தால் பாதி மருந்து மண்ணோடு போகும், அதனால் ஷாம்பூ முதலில். வெயிலில் வைத்துக் காயவிட்டால் கறையைவிட மோசமான தழும்பு விழும். லேபிளில் போட்டிருக்கும் நிமிஷத்தைத் தாண்டாதீர்கள். மழை விட்ட குளிர்காலக் காலையில் நிறம் மாறக் கொஞ்சம் தாமதமாகும், அதற்காக இரண்டு மடங்கு ஊற்ற வேண்டாம், பொறுங்கள். மென்மையான பிரஷ்ஷால் ஒரு சுற்று கலக்கிவிட்டு நிறையத் தண்ணீர் அடித்து அலசுங்கள். ரவை மிச்சம் இருந்தால் இன்னொரு நாள் இன்னொரு தடவை போடலாம். கையுறை கட்டாயம். ஆசிட், பிளீச்சிங் எதோடும் கலக்கவே கூடாது.

கறுப்பாகவே நிற்கும் புள்ளி என்றால் அது தார். ரோடு புதிதாகப் போட்ட பிறகு நிறையவே இருக்கும். அயர்ன் ரிமூவர் அதைத் தொடாது. துணி நுனியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் போதும், உடனே ஷாம்பூவால் கழுவிவிட வேண்டும். டயரிலும் டிஸ்க்கிலும் படக்கூடாது. பளபளப்புக்காக வீல் முழுக்க டீசலோ ஆயிலோ துடைத்துவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பேடில் எண்ணெய் ஏறினால் பிரேக் பிடிக்காது. அடுத்த வளைவு கொண்டை ஊசியாக இருக்கும் ஊரில் அந்தப் பளபளப்பு தேவையா?

சூட்டோடு கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசன் சமயத்தில் குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் வீலில் புகை வருகிறதென்று வண்டியை ஓரம் கட்டி, பாட்டில் தண்ணீரை மடமடவென்று ஊற்றுகிறவர்களைப் பார்க்கலாம். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கிய டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணலாகவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. மலையடிவாரத்துக் கல்லாறு ஊருக்கு இறங்கிய கையோடு வாட்டர் வாஷுக்கு விடுவதும் அதேதான். ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் கழித்து, ரிம்மில் கை வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வீலுக்கு வைத்த வாளியும் துணியும் வீலுக்கு மட்டும்தான். அதே துணி பானட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை வெயிலில் தெரியும் வட்ட வட்டக் கீறல் சொல்லும். ஓடையோரம் நிறுத்திக் கழுவுவதும் வேண்டாம். இங்கே ஓடும் தண்ணீர் கீழே பவானிக்குப் போகிறது, அதைத்தான் மேட்டுப்பாளையத்துக்காரர்கள் குடிக்கிறார்கள்.

உள்பக்கமும் சுத்தமாக வேண்டும் என்று வீலைக் கழற்றுகிற ஆர்வக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரியில் சமதளம் என்று நாம் நினைக்கும் இடம் பெரும்பாலும் சமதளமில்லை. வாசல் சரிவில், வீலுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து ஜாக்கி ஏற்றுவது அழகுக்காக எடுக்கும் ரிஸ்க் இல்லை. டயர் மாற்றக் கடைக்குப் போகும்போது அங்கேயே உள்பக்கத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

கழுவி முடித்து ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்தினால், பின் டிரம்மில் ஷூ (அதற்குள் பேட் வேலை செய்யும் கட்டை) ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது டக் என்று சத்தத்தோடு விடும். தெருமுனை வரை ஓட்டி, நாலு தடவை மெதுவாக பிரேக் மிதித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். மெழுகு பூசுகிறவர்கள் வீலுக்கென்றே உள்ள சீலன்ட்டை வாங்குவது நல்லது. சாதாரண கார்னாபா மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேல் உருகிவிடும், நாலு இறக்கத்துக்குத் தாங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக எனக்குப் படுவது, பார்க்காமல் கழுவுவது. தண்ணீர் அடிக்கும் முன் இரண்டு முன் வீலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு கறுத்திருந்தால் சரி. ஒன்று மட்டும் அட்டக்கரியாக இருந்தால், அந்தப் பக்கம் பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓட்டி வந்ததும் அந்த வீல் பக்கம் மட்டும் சூடு அடிக்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாரா வாரம் கண்ணை மூடிக்கொண்டு கழுவுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இரண்டுமே ரொம்பக் கறுத்தால் கோளாறு காலில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் வழியில், 36 கொண்டை ஊசி உள்ள கல்லட்டி இறக்கத்தில் அதை மீறினால் வீல் கறுப்பதோடு நிற்காது. நம் குன்னூர் ரோட்டில் ஆட்கள் தைரியமாக மூன்றாவது, நாலாவது கியரில் பிரேக் மேலேயே காலை வைத்து இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது காட்டேரி தாண்டியதும் இரண்டாவது கியர். வேகம் கூடினால் ஒரு தடவை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை எல்லுக்கோ (L, அதாவது லோ கியர்) மேனுவலுக்கோ தள்ள வேண்டும்.

கியரை மாற்றிய பிறகு அயர்ன் ரிமூவர் பாட்டில் வருஷத்துக்கு ஒன்றே போதுமாக இருக்கிறது. பழைய ஆசிட் வைத்தியத்தின் நினைவாக வெளுத்துப்போன இடது முன் வீலுக்குத்தான் மருந்தில்லை. ரீபெயின்ட்டுக்கு மனசு வரும்வரை, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்துகிறேன்.