செல்ஃப் எடுக்காத காரை இன்னொரு காரின் துணையோடு கிளப்புவது எப்படி?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களையும் அங்கே பார்க்கலாம். மழைக்குப் போட்ட விளக்கை அணைக்காமல் குளிக்கப் போயிருப்பார்கள். இல்லையென்றால், காரில் காத்திருந்த பிள்ளைகள் நெடுநேரம் பாட்டுக் கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பாளையங்கோட்டை வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கும் இதே கதிதான். நம் ஊர் வெயில் வேறு பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும். ஜம்பர் கேபிளும் (இரு முனையிலும் கிளிப் உள்ள சிவப்பு, கறுப்பு கம்பிகள்) இன்னொரு காரும் இருந்தால் இதைச் சரிசெய்ய மெக்கானிக் தேவையில்லை. ஆனால் கிளிப்புகளை மாட்டும் வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

கோளாறு பேட்டரியில்தானா என்று முதலில் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்து, டாஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

அடுத்து பேட்டரியின் முனைகளைக் கவனியுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தால், சார்ஜ் இருந்தும் மின்சாரம் வெளியே வராது. முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் இறுக்குங்கள். சில நேரம் வேலை அதோடு முடிந்துவிடும். அந்தப் பூப்பில் அமிலம் இருக்கும், வெறுங்கையால் சுரண்ட வேண்டாம். வீடு திரும்பியபின் மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றிவிட்டு, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் பழைய பிரஷைத் தோய்த்துத் தேய்த்தால் போய்விடும்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ கேபிளைத் தொடவே வேண்டாம். அதை மாற்றத்தான் வேண்டும்.

உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட் பேட்டரி கொண்டதாக இருக்க வேண்டும். வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவரும் லாரிக்கார அண்ணாச்சிகள் நல்ல மனம் படைத்தவர்கள். ஆனால் பெரும்பாலான லாரிகளிலும் பஸ்களிலும் ஓடுவது 24 வோல்ட். அதை உங்கள் காரில் கொடுத்தால் மின்னணுக் கருவிகள் கருகிவிடும். “அண்ணாச்சி, உங்கள் வண்டி 12 வோல்ட்தானே?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஹைபிரிட் காராக இருந்தால் அதன் கையேட்டைப் பார்க்காமல் மின்சாரம் எடுக்காதீர்கள். கேபிள் தடிமனான செம்புக் கம்பியாக இருக்கட்டும். மெல்லிய கம்பியில் போதிய மின்சாரம் போகாது, சூடேறி உருகும்.

இரண்டு கார்களையும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து (ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில்), இரண்டு இன்ஜின்களையும் அணையுங்கள். விளக்கு, ஏ.சி., பாட்டு எல்லாமே அணைந்திருக்க வேண்டும். அருகில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. இனி கிளிப்புகள்:

1. சிவப்பு கிளிப் ஒன்றை இறங்கிய பேட்டரியின் பிளஸ் முனையில்.
2. மற்றொரு சிவப்பு கிளிப்பை நல்ல பேட்டரியின் பிளஸ் முனையில்.
3. கறுப்பு கிளிப் ஒன்றை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில்.
4. கடைசி கறுப்பு கிளிப்பை, நின்றுபோன காரின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத கனத்த இரும்புப் பகுதியில்.

பலரும் தவறுவது நான்காவதில்தான். கை தானாகவே இறங்கிய பேட்டரியின் மைனஸ் முனைக்குப் போகும்; அங்கே மாட்டக்கூடாது. ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். கடைசி கிளிப் படும் நொடியில் சிறு தீப்பொறி தெறிப்பது இயல்பு. அது பேட்டரியின் மேலேயே தெறித்தால் வாயு தீப்பிடித்து, பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கக்கூடும். இன்ஜினின் உலோகம் பேட்டரியின் மைனஸோடு ஏற்கெனவே இணைந்திருக்கிறது. ஆகவே பேட்டரியிலிருந்து தள்ளி, பெல்ட்டும் ஃபேனும் சுழலாத இடமாகப் பார்த்து மாட்டினாலும் மின்சாரம் போய்ச் சேரும். முகத்தைச் சற்று விலக்கி வைத்தே மாட்டுங்கள். சிலர் தீப்பொறி வருகிறதா என்று சோதிக்கச் சிவப்பையும் கறுப்பையும் உரசிப் பார்ப்பார்கள். அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

இப்போது உதவ வந்த காரைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் காரின் சாவியைத் திருப்புங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லை என்றால் கிளிப்புகள் நன்றாகக் கவ்வியிருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். நாலைந்து முறைக்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

கிளம்பிவிட்டால் இன்ஜினை அணைக்காமல், மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள்: இன்ஜினில் இருக்கும் கறுப்பு, நல்ல பேட்டரியின் கறுப்பு, அதன் சிவப்பு, கடைசியாக உங்கள் காரின் சிவப்பு. கழற்றிய கிளிப்புகள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

பக்கத்து டீக்கடையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். குற்றாலத்திலிருந்து திருநெல்வேலி வரை ஓட்டி வந்தால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில், மறுநாள் செல்ஃப் எடுக்கும் அளவுக்குச் சார்ஜ் ஏறிவிடும். அப்படியும் எடுக்கவில்லை என்றால் பேட்டரி கடையில் காட்டுங்கள். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; இன்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் இறங்கிவிடும்.

மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது. ஆகவே மற்றக் கதவுகளை முதலிலேயே பூட்டிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைச் சாவியால் பூட்டுங்கள்.