ஐடிலில் திணறும் பழைய கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன், அவன் அப்பாவின் பழைய மாருதி 800-இன் பானட்டைத் திறந்துவைத்து ஸ்க்ரூடிரைவரோடு நின்றான். சிக்னலில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) நின்றால் குலுங்குகிறதாம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறிவிட்டுத்தான் கிளம்புகிறதாம். இருபது வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். ஏர் ஃபில்டர், பிளக் சுத்தமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

எடுத்ததும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. கார்புரேட்டர்தான் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிறது. அதில் ஐடில் வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றினால் வண்டி ஆஃப் ஆகாது, ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். நானும் திருகினேன். அப்புறம் ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இறக்கிப் பார்த்தார்கள், பிறகு புதிதே மாட்டினார்கள். ஒரு மாதச் சம்பளம் போனது. அடுத்த வாரமே எண்ணூர் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றது. கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவினேன். மேலே வழவழவென்று இருந்தது. வளைவின் அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். வெடிப்பு வழியாகவும் காற்று புகுந்தால் அதற்கேற்ற பெட்ரோல் இருக்காது, மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது சிலிண்டர் விட்டுவிட்டு எரியும். ரேஸ் கொடுத்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றும் கூடுவதால் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியாது. ஆகவே ஐடிலில் குலுங்கி, வேகத்தில் சீராக ஓடும் வண்டி என்றால் முதலில் எங்கேயாவது ஏர் எடுக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஹோஸ்கள் மேலும் கார்புரேட்டர் அடி கேஸ்கெட் (காற்று கசியாமல் நடுவில் வைக்கும் தகடு) ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனையக்கூடாது. சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. சிலர் பெட்ரோலையே தெளிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், சூடான எக்ஸாஸ்டும் பிளக் ஒயரும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஐடிலில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட்டே ஆகவேண்டுமா? சரி, மெதுவாக அடிவரை மூடி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொண்டு, அதே அளவு திறந்துவிட்டு ஆரம்பியுங்கள். இறுக்கி முறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். பையனின் வண்டியில் கேஸ்கெட் ஓரம் சோப்பு நுரையை உள்ளே இழுத்தது. ஆனால் ஸ்க்ரூவை அவன் ஏற்கெனவே கணக்கில்லாமல் திருகியிருந்தான். அதைச் சரிசெய்யவே பாதி நாள் போனது.

ஓடும் வண்டியில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்குவது

வேண்டாம். அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார்களை மாற்றிக்கொண்டே போவது

எம்பிஎஃப்ஐ என்றால் கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி. அதுவும் காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றில் நிற்கும் வண்டி என்றால் முதலில் கனெக்டரையும் எர்த் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகு சென்சாருக்குப் போகலாம்.

பழைய பெட்ரோல் ஹோஸை அப்படியே விடுவது

இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதில் உப்பி உதிர்ந்து கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.